காது அடைக்காமல் பறப்பது எப்படி?

முதல்முறை விமானம் ஏறப்போகிறவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க நம்மில் யாராலும் முடியாது. போன வாரம் என் சித்தி, புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு விமானத்தில் போகிறார் என்ற செய்தி குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, 'சித்தி, ஒரு முக்கியமான விஷயம்' என்று டைப் அடித்து முடிப்பதற்குள் பாதி வம்சம் சொல்லி முடித்திருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சொன்னவர்கள் யோக்கியதையைப் பாருங்கள். பெரிய மாமா, வேலையில் இருந்தபோது எல்.டி.சி.யில் அந்தமான் போய்வந்தவர். அதற்குப் பிறகு அவர் ஏறிய அதிகபட்ச உயரம் வீட்டு மொட்டைமாடி. அவர் 'ஜன்னல் சீட் கேட்டு வாங்கு, ஆனால் இறக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம், மேகம் தெரியாது' என்கிறார். சித்தி போவது பேரனைப் பார்க்க, மேகத்தைப் பார்க்க இல்லை. மைத்துனர், 'செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் போடணும்' என்று எழுதினார். சித்தி பிறந்ததிலிருந்து பெல்ட் கட்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, ஜெட் லாக் வராமலிருக்க இரண்டு நாள் முன்பிருந்தே தூங்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னான். சென்னையிலும் புனேயிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. பிறகு, எத்தனை மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்கவேண்டும் என்று ஏலம் நடந்தது. இரண்டு மணியில் ஆரம்பித்து ஐந்தில் வந்து நின்றது. ஐந்து சொன்னவர் பஸ்ஸுக்கே அவ்வளவு முன்னால் போகிறவர்.

இத்தனை பேரில் ஒருவராவது காதைப் பற்றிப் பேசினாரா? இல்லை. விமானத்தில் முதல்முறை போகிறவருக்கு உண்மையில் வரக்கூடிய ஒரே உபத்திரவம், இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதுதான். அதற்கு என்னிடம் கைகண்ட வழி ஒன்று இருக்கிறது. மிட்டாய் சப்புவது இல்லை. அதை இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்திலேயே தட்டில் வைத்து நீட்டினார்கள். கொட்டாவி விடுவதும் இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவதும் இல்லை. இது வேறு. கட்டுரை முடியும்போது சொல்கிறேன். அதற்கு முன்னால் மற்றக் குறிப்புகளை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் குறிப்பு: வெப் செக்-இன்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்துவிடலாம், வெகு சுலபம் என்பார்கள். சித்தி விஷயத்தில் டிக்கெட் எடுத்தது புனேயில் இருக்கும் மகள். ஓடிபி வருவது மயிலாடுதுறையில் இருக்கும் சித்தியின் போனுக்கு. செக்-இன் செய்ய உட்கார்ந்தது சென்னையில் நான். மூன்று ஊரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

"சித்தி, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க."

"இரு தம்பி, கண்ணாடி எடுத்துக்கறேன்."

"சீக்கிரம் சித்தி, அரை நிமிஷம்தான் இருக்கும்."

"வந்துட்டுது. ஆனா உன்கிட்ட பேசிக்கிட்டே எப்படிப்பா அதைப் பாக்குறது?"

"கட் பண்ணாம மெசேஜைத் தொறங்க."

கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டு, திரும்ப ஓடிபி கேட்டு, இந்த முறை போனை ஸ்பீக்கரில் போட வைத்தேன். சித்தி நிறுத்தி நிதானமாக, "இருநூத்தித் தொண்ணூத்தொம்பது" என்றார். ஆறு இலக்கம் வரவேண்டுமே என்றேன். "இருபத்தெட்டு நாளைக்குன்னும் போட்டிருக்கு" என்றார். அது ரீசார்ஜ் விளம்பரம்.

ஒருவழியாக உள்ளே போனால் சீட் படம் வந்தது. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ஒரு விலை. அப்படியானால் டிக்கெட் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்தோமே, அதற்கு எதை வாங்கினோம்? நின்றுகொண்டு போகிற உரிமையையா? ஓசியில் கிடைத்தது கடைசி வரிசையில் நடு சீட், கழிவறைக்கு எதிரில். சரி, சீட்டே தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுவோம் என்றால் 'தவிர்' என்கிற வார்த்தையைச் சாம்பல் நிறத்தில், கண் டாக்டர் அட்டையின் கடைசி வரி எழுத்தில், அடியில் எங்கேயோ வைத்திருந்தார்கள். அதைத் தொட்டால், 'நிச்சயமாகவா? நடு சீட் கிடைக்கலாம்' என்று மிரட்டல். அப்புறம் சாண்ட்விச் வேண்டுமா? இன்ஷூரன்ஸ் வேண்டுமா? பெட்டி முதலில் வர பணம் கட்டுகிறீர்களா? மழை வந்து விமானம் தாமதமானால் என்ன செய்வீர்கள்? ஜவுளிக்கடையில் கைக்குட்டை வாங்கப் போனவனை ஐந்து மாடியும் ஏற்றி இறக்கி, கடைசியில் பட்டுப்புடவை செக்‌ஷனில் கொண்டுபோய் விடுகிற சாமர்த்தியம்தான் இது. எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தபோது திரையில் எழுதியிருந்தது: 'அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்.'

என்ன தவறு? யார் செய்த தவறு? சொல்லாது. பக்கத்தில் உதடு பிதுக்கிய ஒரு பொம்மை மட்டும் நிற்கிறது.

இங்கேதான் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டே வரி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இப்படிப் பேசாது.

மயிலாடுதுறையில் நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டர், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் இருந்தது. கீழே லோயரும் ஹையரும் போட்டுத் தட்டுகிற சத்தம். மாடிப்படியின் நடுவிலேயே ஏசி குளிர் முகத்தில் படும். செருப்பை வாசலில் கழற்றவேண்டும். உள்ளே பேசக்கூடாது. ஊரில் மனிதர்களுக்கு ஏசி கிடையாது; கம்ப்யூட்டருக்கு உண்டு. மானிட்டருக்குக் கருநீல உறை, விளிம்பில் சுருக்கு வைத்துத் தைத்தது. மாஸ்டர் காலையில் வந்து அந்த உறையை நான்காக மடித்து, அலமாரியில் வைத்து, ஒரு ஊதுபத்தி ஏற்றி, அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போடுவார். மெமரியை எண்ணி முடிக்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். பிறகு கறுப்புத் திரை. இடது மூலையில் சி என்ற எழுத்து, ஒரு சாய்கோடு, ஒரு அம்புக்குறி, மினுக்மினுக்கென்று ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். அது நமக்காகக் காத்திருந்தது. சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்கவில்லை.

தப்பாக ஏதாவது அடித்தால், 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' என்று ஒரே வரி. நீ சொன்னது தப்பு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு மறுபடி காத்திருக்கும். அச்சச்சோ இல்லை, பொம்மை இல்லை. பிளாப்பி கெட்டுப்போயிருந்தால் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று மூன்று வழி கொடுக்கும். எதை அமுக்கினாலும் பலன் ஒன்றுதான் என்றாலும், நம்மை மதித்துக் கேட்டதே, அதுதான் பெரிது.

பிளாப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்தேகால் அங்குலம் ஒன்று, மூன்றரை அங்குலம் ஒன்று. மூன்றரையில் 1.44 எம்பி பிடிக்கும். இன்று ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடப் பெரிதாக வருகிறது. அந்த 1.44 எம்பிக்குள் எங்கள் பாடம், பிராஜெக்ட், விளையாட்டு எல்லாம் அடங்கின. மாஸ்டர் பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போவார். சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மூன்று மணிவரை கம்ப்யூட்டர் எங்களுடையது.

முதலில் டேவ். பிற்பாடு 'டூம்' விளையாட்டால் உலகப் புகழ் பெற்ற ஜான் ரொமீரோ செய்தது. தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன். குதித்துக் குதித்துக் கல் பொறுக்கவேண்டும். அதிலிருந்த நீதியைக் கவனியுங்கள்: கோப்பையை எடுத்தால் கதவு திறக்கும். எடுக்காவிட்டால் திறக்காது. இவ்வளவுதான் சட்டம். கோப்பையை எடுத்துக்கொண்டு போனபிறகு, 'கதவு எண் மாற்றப்பட்டிருக்கிறது, நாற்பத்தேழாம் கதவுக்குப் பேருந்தில் செல்லவும்' என்று டேவிடம் யாரும் சொன்னதில்லை.

அடுத்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1989-ல் வந்தது. அதில் இளவரசன் ஓடுவதையும் தாவுவதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிஜ மனிதன் ஓடுகிற ஓட்டம். ஜோர்டான் மெக்னர் தன் தம்பிக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவிட்டுத் தாவவிட்டு வீடியோ எடுத்து, அதைப் படம்படமாகப் பார்த்து வரைந்தார். தம்பிகளால் குடும்பத்துக்கு உபயோகம் உண்டு என்பதற்கு உலகில் இருக்கும் சில ஆதாரங்களில் அது ஒன்று. இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம். கால் வைத்தால் ஆடுகிற கல், தரையிலிருந்து கிளம்புகிற முள், இரண்டு தாடையாக மூடுகிற கத்தரி. செத்தால் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்குப் போகலாம். ஓடிப்போன நிமிடம் மட்டும் திரும்பி வராது. முறையான ஆட்டம் என்றால் அது. அதிலும் குறுக்குவழி இருந்தது. 'பிரின்ஸ்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு 'மெகாஹிட்' என்று அடித்தால் உயிரை ஏற்றிக்கொள்ளலாம், நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சினிமா போஸ்டரைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அந்த வார்த்தை ஒருநாளும் மறக்கவில்லை. இன்று என் வங்கி பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் இல்லை. அதை மாதாமாதம் மாற்றச் சொல்கிறார்கள், பழையதைப் போடாதே என்கிறார்கள், ஒரு பெரிய எழுத்தும் ஒரு ஆச்சரியக்குறியும் வை என்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். அந்த விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோய்விட்டது என்றே மெக்னர் நினைத்திருந்தார். 2012-ல் அவர் அப்பா வீட்டு அலமாரியின் பின்பக்கம் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். உள்ளே மூன்றரை அங்குல பிளாப்பிகள். இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தவை. விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து படித்தார்கள், படிக்க முடிந்தது. முந்தாநாள் நான் இறக்கி வைத்த போர்டிங் பாஸ் என் போனில் எந்த மூலையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காது விஷயத்தை மறக்கவில்லை. வருகிறேன்.

டிவியில் செருகி ஆடும் விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டால் பாவம் வந்து சேரும். கார்ட்ரிட்ஜின் மேல் 9,99,999 ஆட்டம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே பெயர் மாற்றி மாற்றி வரும். ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதவேண்டும். ஊதினால் ஓடும். அதற்குக் காரணம் கேட்காதீர்கள். கான்ட்ராவில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர். இதை எழுத நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விமான நிறுவனத்தின் ஆப்பில் எந்த வரிசையில் எதை அமுக்கினால் மனிதக் குரல் வரும் என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது இது எதுவும் இல்லை. ஃபிளைட் சிமுலேட்டர். விமானத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று பெரிய மாமா குழுவில் கேட்டதால் இதை விவரமாகச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் 1982-லேயே அதை வெளியிட்டுவிட்டது. அடிப்படை வேலையைச் செய்தவர் புரூஸ் ஆர்ட்விக். எங்கள் சென்டருக்கு அது வந்து சேர்ந்தது பல வருஷம் கழித்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட பிளாப்பிக் கட்டாக. கையேடு கிடையாது. எந்த பட்டன் எதற்கு என்று அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஜி அடித்தால் சக்கரம் உள்ளே போகும் என்பதை விமானம் தரையில் நிற்கும்போதே கண்டுபிடித்தவர்கள் நாங்கள். ஆட்டத்தைத் திறந்தால் சிகாகோவில், மிச்சிகன் ஏரிக்கரையில் மெக்ஸ் ஃபீல்டு என்ற குட்டி விமான நிலையம். ஒரே ஓடுதளம். குட்டி செஸ்னா விமானம் தயாராக நிற்கும். ஒன்பதை அமுக்கிப் பிடித்தால் எஞ்சின் உறுமும். ஓடுதளம் பின்னால் ஓடும். மூக்கைத் தூக்கினால் இடதுபுறம் சிகாகோவின் உயரக் கட்டடங்கள், வலதுபுறம் நீலமாக ஏரி. நான் முதன்முதலில் உட்கார்ந்தது நடு சீட்டில் இல்லை ஐயா, பைலட் சீட்டில். அதுவும் செருப்பில்லாமல்.

காவிரியைத் தாண்டாதவன் மிச்சிகன் ஏரியைத் தாண்டினேன். அடிக்கடி ஏரிக்குள்ளேயும் போனேன். விழுந்தால் என்ன? கண்ணாடியில் விரிசல் காட்டிவிட்டு மறுபடி மெக்ஸில் கொண்டுவந்து நிறுத்திவிடும். ரத்துக் கட்டணம் இல்லை, தேதி மாற்றக் கட்டணம் இல்லை. அந்த ஓடுதளத்தின் ஒவ்வொரு விளக்கும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எத்தனை விளக்கு என்று இன்றைக்கும் தெரியாது. ஒருநாள் நிஜமாகவே அங்கே போய் இறங்குவேன் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. 2003 மார்ச் மாதம், ஒரு நள்ளிரவில், சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி அந்த ஓடுதளத்தில் பெரிய பெரிய எக்ஸ் வடிவப் பள்ளமாகத் தோண்டிவிட்டார். உலகத்தில் என்னால் எளிதாக இறங்க முடிந்த ஒரே விமான நிலையம்! அங்கே நின்றுகொண்டிருந்த விமானங்கள் வெளியேறவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது அங்கே பூங்கா. அந்த மனிதருக்கு என்ன கோபமோ, எனக்கு இன்னும் தீரவில்லை.

பின்னாளில் நிஜ விமானத்தில் ஏறியபோது, இறக்கையில் தகடு விரியும் சத்தம் கேட்டதும் பக்கத்து சீட்காரரிடம் "பயப்படாதீங்க, ஃபிளாப்" என்றேன். சக்கரம் இறங்கியபோதும் சொன்னேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, பைலட் இப்போது எதை அமுக்கியிருப்பார் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல்முறை ஏறியவர், பாவம், பயம் என்று நினைத்தேன். இறங்கும்போது பார்த்தால் பைலட் யூனிஃபார்ம் அவர் கைப்பைமேல் மடித்து வைத்திருந்தது.

இதெல்லாம் வயசாளி புலம்பல் என்று சொல்லத்தான் சொல்வீர்கள். சரி, சில செய்திகளை வைக்கிறேன், பதில் சொல்லுங்கள்.

போயிங் 747-400 என்கிற ராட்சத விமானம், போகவேண்டிய வழி விவரங்களை 28 நாளைக்கு ஒருமுறை எதிலிருந்து ஏற்றிக்கொண்டது தெரியுமா? மூன்றரை அங்குல பிளாப்பியிலிருந்து. 2020-ல், ஓய்வுபெற்ற ஒரு விமானத்துக்குள் போய்ப் பார்த்த கணினிப் பாதுகாப்பு ஆசாமிகள் படம் பிடித்துக் காட்டினார்கள். 2015 நவம்பரில் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் பனிமூட்ட நேரத்தில் விமானங்கள் நின்றுபோயின. பைலட்டுகளுக்கு வானிலை விவரம் தரும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 3.1. நான் சாலிடேர் சீட்டாட்டம் ஆடியது அதில்தான். 1992-ல் வந்தது, 2015-ல்தான் செய்தித்தாளில் பெயர் வருகிற அளவுக்கு ஒரு தப்பு செய்திருக்கிறது. நம் வீட்டு மாப்பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார்கள்? அமெரிக்காவில் 2025-ல் அவர்களுடைய விமானப் போக்குவரத்து நிர்வாகம், வான்வழிக் கட்டுப்பாட்டு அறைகளில் இனி பிளாப்பியும் விண்டோஸ் 95-ம் வேண்டாம், மாற்றப்போகிறோம் என்று அறிவித்தது. அதாவது அதுவரை இருந்தன. அதை நம்பித்தான் அத்தனை பேரும் மேலே பறந்தார்கள்.

இனி புதியதின் லட்சணத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட். பாதுகாப்புக்கான அப்டேட்! உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டன. விமான நிலையங்களில் கூட்டம் பிதுங்கியது. நம் நாட்டில் என்ன செய்தார்கள்? பேனாவை எடுத்தார்கள். பெயர், ஊர், சீட் நம்பர் எல்லாவற்றையும் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் விமானம் ஏறி, போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சீட்டு யாரிடமும் ஓடிபி கேட்கவில்லை. சார்ஜ் இறங்கவில்லை.

ஆக, ஆகாயத்தில் நம்மைத் தாங்கிப் பிடிக்கிற கம்ப்யூட்டரோடு எனக்குச் சண்டையே இல்லை. அது பழசு, ஒழுங்கு. சண்டை எல்லாம் தரையில் நம் கையில் இருக்கிற புதுசோடுதான். அது கம்ப்யூட்டரே இல்லை, கடை. மாடியில் ஊதுபத்தி வாசனையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டிக்கு நம்மிடம் விற்க ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் அதோடு பேச முடிந்தது.

இரண்டாவது குறிப்புக்கு வருவோம். சாமான்.

உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு, கையில் 7 கிலோ, பெட்டியில் 15 கிலோ என்பது வழக்கமான கணக்கு. சித்தியிடம் சொன்னேன். "நெய் சேர்த்தா, சேக்காமலா?" என்று கேட்டார். பவர் பேங்கைப் பெட்டிக்குள் போடக்கூடாது, கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் கண்ணெதிரே பிடிக்கட்டும், அணைக்கலாம் என்று ஏற்பாடு. கொப்பரைத் தேங்காயைக் கையிலும் கொண்டுபோகக்கூடாது, பெட்டியிலும் போடக்கூடாது. அதில் எண்ணெய் இருக்கிறது, தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடிய சரக்குகளின் பட்டியலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் சமையலறையில் பரம சாதுவாக இருப்பது விமானத்துக்குள் வெடிமருந்து. 2024-ல் சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் அனுமதிக்க, மறு வருஷம் ஜனவரி 20 வரை என்று தேதி போட்டுத் தனியாக உத்தரவு போட்டார்கள். அதற்கு மறுநாளிலிருந்து அதே தேங்காய் மறுபடி சந்தேகத்துக்குரியது.

இதைக் கேட்ட சித்தி, பேரனுக்காகப் பொட்டலம் கட்டிய கொப்பரையைப் பிரித்து, எனக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். இதுவரை நான் கொடுத்த குறிப்புகளில் பலன் தந்தது இது ஒன்றுதான்.

மூன்றாவது: அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். சென்னையில் 2020-லிருந்து விமானத்துக்குக் கூப்பிடும் ஒலிபெருக்கியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அமைதி விமான நிலையம் என்று பெயர். அமைதி என்றால், ஒலிபெருக்கிதான் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் சத்தமாக ரீல்ஸ் பார்ப்பார். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கிளம்ப 25 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருக்கும், ஆனால் நம்மைப் பொறுத்தவரை அது போய்விட்டது. கெஞ்சலாம். பிரின்ஸ் மெகாஹிட் சொல்லிப் பார்க்கலாம். திறக்காது.

நான்காவது: முகத்தைக் காட்டி உள்ளே போகிற டிஜி யாத்ரா. ஆதாரைக் கொடுத்து, செல்ஃபி கொடுத்து, போர்டிங் பாஸை ஏற்றி எல்லாம் செய்தால் கதவு உங்கள் முகத்தைப் பார்த்துத் திறக்கும். என் முகத்தை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு இது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும் இயந்திரத்தை நான் நம்பமாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து என் வீட்டிலேயே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சித்தி அடுத்த வாரம் கிளம்புகிறார். வெப் செக்-இன் வேண்டாம், பயணச் சீட்டை அச்சடித்துக் கொடுத்து, ஆதார் அட்டையும் கையுமாக நேரே கவுண்டருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். "காசு கேட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், கவுண்டரில் போர்டிங் பாஸ் அச்சடித்துத் தர 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனியாகக் கட்டணம் வசூலிக்கக்கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகமே விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. கேட்டால் கொடுக்காதீர்கள். காகிதத்தில்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.